தீவு கற்பிக்கும் பாடம்



திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை அடுத்த தெரு ஒன்றில் குடியிருப்பவன் நான். என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால் மலை தெரியும்; கடல் தெரியாது. அத்தகையவன் தீவுகளைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். விடை அந்தத் திண்ணையிலிருந்தே தொடங்குகிறது. சுற்றிலும் சமவெளி; நடுவே ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்துக்குத் தனித்து எழுந்து நிற்கும் ஒரு மலை. இவ்வாறு சமவெளியிலே தனித்து நிற்கும் குன்றை நிலவியலார் ‘இன்செல்பெர்க்’ என்ற ஜெர்மன் சொல்லால் குறிப்பர். ‘தீவுமலை’ என்பது அதன் பொருள். கடலுக்கு நடுவே நிலம் நின்றால் அது தீவு. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே காடு நின்றால் அதுவும் ஒரு வகையில் தீவே.

1967ஆம் ஆண்டில் மக்கார்தர், வில்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் தீவுகளில் உயிரினங்கள் பரவும் முறை குறித்து ஒரு நூல் வெளியிட்டனர். தீவு சிறிதானால் அங்கு வாழும் உயிர்வகைகள் குறையும். பெருநிலத்திலிருந்து தொலைவில் இருந்தால் மேலும் குறையும் என்பது அந்நூலின் சாரம். பின்னர் அறிஞர்கள் இக்கருத்தைத் தனித்த மலைகளுக்கும் துண்டுபட்ட காடுகளுக்கும் பொருத்திப் பார்த்தனர். ஆகவே தீவைக் கற்றவன் மலையையும் கற்கத் தொடங்கிவிட்டான் எனலாம்.

தீவைக் கற்பது எவ்வாறு? அதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பல்கலைக்கழக மாணவர்கள் வகுப்பறையை விட்டு வெளியேறி, ஒரு தீவிலே தங்கி, அங்குள்ள செடிகொடிகளையும் உயிரினங்களையும் மக்களின் வாழ்க்கையையும் ஒருங்கே பயில்வதைக் களப்படிப்பு என்கிறோம். உயிர்களைப் பயில்வது ஒரு பாடம், மக்களைப் பயில்வது வேறொரு பாடம் என்று நாம் அட்டவணையிலே பிரித்து வைத்திருக்கிறோம். தீவு அந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. இதற்குச் சில சான்றுகளைக் காட்டுகிறேன்.

முதற் சான்று எல்லாரும் அறிந்த டார்வின். 1835இல் அவர் பசிபிக் கடலிலுள்ள கலாப்பகசுத் தீவுகளில் இறங்கினார். அத்தீவுகளின் துணை ஆளுநராக இருந்தவர் அவரிடம் ஒரு செய்தி சொன்னார். தீவுக்குத் தீவு ஆமைகள் வேறுபடும் என்றும், ஆமையைப் பார்த்தே அது எத்தீவைச் சேர்ந்தது என்று தம்மால் கூற முடியும் என்றும் அவர் தெரிவித்தார். டார்வின் அச்சொல்லுக்குத் தொடக்கத்தில் போதிய மதிப்புக் கொடுக்கவில்லை. இரண்டு தீவுகளிலே திரட்டிய பொருள்களை ஒன்றாகக் கலந்தும் வைத்துவிட்டார். பின்னாளில் அப்பிழையைத் தம் நூலிலேயே அவர் ஒப்புக்கொண்டார். உலகின் சிந்தனையை மாற்றவிருந்த உண்மை, அங்கு வாழ்ந்தவர் வாயிலாக முதலில் அவர் காதில் விழுந்தது. ஆனால் மனத்தில் விழச் சிறிது காலம் ஆயிற்று.

இரண்டாவது சான்று, அயர்லாந்திலே விலங்கியல் பேராசிரியராக இருந்த ஹேடன் என்பவர். 1888இல் அவர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றார். பவளப்பாறைகளை ஆராய்வதே அவர் நோக்கம். ஆனால் அத்தீவு மக்களோடு பழகப் பழக, அவர்களுடைய வழக்கங்களும் கதைகளும் விரைவாக மறைந்து வருவதைக் கண்டு அவர் மனம் அப்பக்கம் திரும்பிற்று. பத்தாண்டு கழித்து, 1898இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஏழு பேர் கொண்ட ஒரு குழுவை அழைத்துக்கொண்டு மீண்டும் அங்கே சென்றார். பல துறை அறிஞர்கள் ஒன்றுகூடி ஒரு தீவுக் கூட்டத்து மக்களை நேரிலே பயின்ற பல்கலைக்கழக முயற்சிகளுள் அது முன்னோடியாகப் போற்றப்படுகிறது. பவளத்தைத் தேடிப் போனவர் மனிதனைக் கண்டு திரும்பினார்.

அக்குழுவிற்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. அதில் இருந்த ரிவர்ஸ் என்ற மருத்துவர் 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர் மக்களிடையே தங்கிப் பயின்று, 1906இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் எழுதினார். செலிக்மன் என்ற மற்றொருவர் தம் மனைவியாருடன் இலங்கைக்குச் சென்று வேடர் மக்களைப் பற்றி ஆராய்ந்து 1911இல் நூல் வெளியிட்டார். தீவிலே கற்ற முறையை மலைக்கும் காட்டுக்கும் அவர்கள் கொண்டு வந்தனர்.

நம் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கார் தர்ஸ்டனும் இதே வழியில் நடந்தவரே. இராமேசுவரத்திலும் மன்னார் வளைகுடாவிலும் கடல்வாழ் உயிர்களையும் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் ஆராய்ந்த அவர், பின்னர் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ஆயினும் அவரிடம் நாம் பின்பற்றலாகாத ஒன்று உண்டு. கருவிகொண்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, அவ்வெண்களால் அவர்களை வகைப்படுத்த முயன்றார். ரிவர்சோ, தாம் கண்ட மனிதரிடம், ‘உம் தந்தை பெயர் என்ன? தாய் பெயர் என்ன? அவர்களுடன் பிறந்தவர் யார்?’ என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஒருவர் அளந்தார், மற்றவர் கேட்டார். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை மாணவர்கள் மனத்தில் இருத்தவேண்டும். அதன் பயனைப் பின்னர்க் கூறுகிறேன்.

இனி நம் கடலுக்கு வருவோம். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. அவற்றைச் சூழப் பவளப்பாறைகள். பவளம் என்பது கல்லன்று. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சுண்ணத்தால் கட்டிய கூடு. பாறைபோல் திரளும் பவளம் ஓராண்டில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். அப்பாறை அலையின் வேகத்தைத் தணிக்கிறது. தணிந்த நீரில் கடற்புல் வளர்கிறது. கடற்புல்லை மேய்ந்து, மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு வாழ்கிறது. புல்லிடையே மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கின்றன. பவளத்தின் பொடியும் மணலும் சேர்ந்தே தீவுகள் உருவாயின. தீவும் பாறையும், புல்லும் மீனும், மீனும் மனிதனும் இவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. பெருநிலத்தில் இத்தொடர்பைக் காண்பது அரிது. தீவிலே ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம்.

பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவு இக்கல்விக்குப் பெயர்பெற்றது. அத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிக் கிரேவ்லியும் பிறரும் எழுதிய ஆய்வுத் தொகுதியைச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்டது. தமிழகக் கல்லூரிகளில் விலங்கியல் பயின்றோர் பலர் அத்தீவுக்குச் சென்று பயின்றுள்ளனர். அவர்களுள் நானும் ஒருவன்.

1981ஆம் ஆண்டு. அப்போது பாம்பனுக்குச் சாலைப் பாலம் இல்லை. 1914இல் திறந்த இரயில் பாலம் ஒன்றே வழி. அலைமேல் செல்வதுபோல் அப்பாலத்தைக் கடந்து, படகேறிக் குருசடையில் இறங்கினோம். நீர் வற்றியபோது பேராசிரியர் மணலைத் தோண்டி ஒரு புழுவை எடுத்துக் காட்டினார். பலனோகிளாசசு என்னும் அந்தப் புழுவிலிருந்து மருத்துவமனை வாடை வீசிற்று. முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் உள்ள உறவை ஆராய்வோர் அரிதாக மதிக்கும் உயிர் அது. நான் மெய்ம்மறந்து நின்றேன். என் குறிப்பேட்டில் அன்று மாலைக்குள் நாற்பது இலத்தீன் பெயர்கள் ஏறிவிட்டன. பெருமையோடு மூடி வைத்தேன்.

மறுநாள் கரையிலே பாசி எடுக்கும் பெண்கள் சிலரைக் கண்டேன். விரல்களில் துணிச் சுற்று, தோளில் வலைப்பை. மூச்சை அடக்கி மூழ்கி, கைகொள்ளும் அளவு பாசியுடன் மேலே வந்தனர். அவர்களுள் மூத்தவர் ஒருவரிடம், “அக்கா, இந்தக் கடற்பாசியை எதற்கு எடுக்கிறீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “எல்லாத்தையும் கடற்பாசின்னா எப்படித் தம்பி? இது மரிக்கொழுந்து, இது கஞ்சிப்பாசி, அந்தா மிதக்குது பாரு, அது கட்டக்கோரை. ஒவ்வொண்ணுக்கும் எடம் வேற, காலம் வேற” என்றார். பிறகு என் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்து, “எங்க பேரெல்லாம் இதுல எழுதியிருக்கியா?” என்று கேட்டார்.

எழுதவில்லை, நேயர்களே. நாற்பது இலத்தீன் பெயர்கள் இருந்தன. அங்கு வாழ்வோர் வழங்கும் ஒரு பெயரும் இல்லை. அன்று மாலை அவர் அருகில் அமர்ந்து கேட்டெழுதினேன். பாசியைப் பிடியோடு பறிக்காமல் கிள்ளி எடுத்தால் மீண்டும் தழைக்கும் என்றார். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் நன்றாக வற்றும் என்றார். கச்சான் காற்று வீசும் காலத்தில் தென்கடல் குமுறும். வாடை வீசும்போது வடகடல் குமுறும் என்று விளக்கினார். ஆண்கடல், பெண்கடல் என்று அவ்விரு கடல்களுக்கும் அங்கே பெயர் உண்டு. எங்கள் பாடநூலில் பருவக்காற்றைப் பற்றி ஓர் அதிகாரம் இருந்தது. அதை அன்றுதான் உண்மையில் படித்தேன்.

தீவுகளின் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு: குடிநீர் தேடி அலைந்த மீனவனுக்கு இவை வெறும் பெயர்களல்ல, வழிகாட்டிகள். காரைச்சல்லி, விலங்குச்சல்லி, புழுவினிச்சல்லி: சல்லி என்பது உடைந்த பவளத் துண்டு. ஆனைப்பார்: பார் என்பது கடலடிப் பாறை. முத்துச் சிப்பி விளையும் இடங்களையும் முத்துக் குளிப்போர் பார் என்றே அழைத்தனர். நிலவியலும் நீரியலும் உயிரியலும் இப்பெயர்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. எழுதப்படாத ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் இது.

அக்கல்வியை மதியாததால் நேர்ந்தது என்ன? பல பத்தாண்டுகள் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் வெட்டி எடுத்தனர். நானும் என் பங்குக்கு ஒரு பவளத் துண்டை நினைவுப் பொருளாக எடுத்து வந்து, பின்னாளில் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பாடம் நடத்தினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கவசம் போனபின் கடல் தீவுகளை அரித்தது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருள் அமிழ்ந்தன. இருபத்தொன்று என்று நாம் மனப்பாடம் செய்த எண்ணிக்கையில் இரண்டு இன்று வரைபடத்தில் மட்டுமே உண்டு. தூத்துக்குடியை அடுத்த வான்தீவும் தேய்ந்து வந்தது; அதனைக் காக்கக் கடலடியில் செயற்கைப் பாறைக் கட்டுமானங்களை இறக்கியுள்ளனர். கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் தாமே கட்டித் தந்ததை இன்று நாம் காரையால் கட்ட முயல்கிறோம்.

சட்டமும் வந்தது. 1986இல் இத்தீவுகளும் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாயின. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் பூங்காவின் எல்லை வகுக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அத்தீவுகளை நம்பி வாழ்ந்தவர்கள் அங்கே அத்துமீறி நுழைவோராகிவிட்டனர். கிள்ளி எடுத்தவளும் வெட்டி எடுத்தவனும் ஒன்றாகவே எண்ணப்பட்டனர்.

பாசி எடுக்கும் பெண்கள் இதற்குக் கண்ணீரை மட்டும் விடையாகத் தரவில்லை. தாமே கூடித் தமக்கு விதி வகுத்துக்கொண்டனர். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது. மீன்கள் இனம்பெருக்கும் கோடைக்காலத்தில் 45 நாட்கள் அறவே நிறுத்துவது. பவளத்தைச் சிதைக்காமல் கையாலேயே பறிப்பது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பெண்மணி இவ்வியக்கத்தை முன்னின்று நடத்தினார். உலகத் தீவுகளின் பாதுகாப்புக்காக உழைக்கும் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு 2015இல் தன் பரிசை அவருக்கு வழங்கிற்று. அறிவியலார் சொல்லிக் கொடுக்கவேண்டிய பாடத்தை அப்பெண்கள் நடத்திக் காட்டினர் என்றால் மிகையாகாது.

உள்ளூரார் கூறுவதெல்லாம் தவறாது என்று நான் சொல்ல வரவில்லை. பவளத்தை வெட்டிய கைகளிலும் உள்ளூர்க் கைகள் இருந்தன. 2016இல் கடல் வெப்பம் மிகுந்து மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தபோது, அதன் காரணத்தை அறிய வெப்பமானியும் ஆய்வாளரும் தேவைப்பட்டனர். அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகசு என்னும் பாசி குருசடையின் பவளங்களைப் போர்த்து மூடுகிறது என்பதை 2008இல் எடுத்துரைத்தவர்களும் கடலுக்குள் இறங்கிப் பார்த்த ஆய்வாளர்களே. கருவியும் வேண்டும், காதும் வேண்டும். ஒன்று மற்றதற்கு மாற்றாகாது.

இப்போது ரிவர்ஸ் கேட்டெழுதிய பெயர்களுக்குத் திரும்புவோம். டாரஸ் நீரிணையிலே மேர் என்றொரு சிறு தீவு. அம்மக்களின் வமிசாவளிகளை அவர் 1898இல் குறித்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவிலோ, வெள்ளையர் வருமுன் அந்நிலம் எவருக்கும் உடைமையன்று என்பதே சட்டத்தின் கொள்கையாக இருந்தது. மேர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவருடைய தோழர்களும், ‘இந்நிலம் எங்கள் முன்னோருடையது’ என்று வழக்குத் தொடுத்தனர். யார் மகன் யார், எந்தக் குடும்பம் எங்கே வாழ்ந்தது என்பதை நிறுவ, அந்தப் பழைய பல்கலைக்கழகக் குழுவின் குறிப்புகளும் சான்றாகப் பயன்பட்டன. 1992 ஜூன் 3ஆம் நாள் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் தீவினர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மாபோ மறைந்துவிட்டார். ஆனால் அவர் மக்கள் தம் நிலத்தைப் பெற்றனர்.

94 ஆண்டுகளுக்கு முன் பொறுமையோடு எழுதிய ஏடு, சொன்னவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே துணையாகத் திரும்பி வந்தது. அளந்தெடுத்த மூக்கின் நீளம் எந்த மக்களுக்கேனும் இவ்வாறு திரும்பி வந்து துணைநின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதுவே தீவு எனக்குக் கற்பித்த பாடம். களப்படிப்புக்குச் செல்பவன் ஒரு கடன் வாங்குகிறான். அவன் குறிப்பேட்டில் உள்ளது அவனுக்கு மட்டும் உரியதன்று, சொன்னவருக்கும் உரியது. என்றேனும் ஒரு நாள் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை குருசடைக்கோ அந்தமானுக்கோ இலட்சத்தீவுக்கோ பயிலச் செல்லலாம். செல்லுங்கால் உங்களுக்கு மூன்று சொல்வேன். ஒவ்வோர் உயிருக்கும் இலத்தீன் பெயரோடு ஊர்ப்பெயரையும் எழுதுங்கள். சொன்னவர் இசைந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். சிப்பி, பவளம் என எதையும் எடுத்து வராதீர்கள். கண்ணும் ஏடும் கொண்டு வந்தால் போதும். படித்து முடித்து எழுதியதை, அவ்வூர்ப் பள்ளிக்கு அவர்கள் படிக்கக்கூடிய மொழியிலே ஒரு படி அனுப்புங்கள். இம்மூன்றையும் 1981இல் எவரேனும் எனக்குச் சொல்லியிருந்தால், அந்த அக்காவின் கேள்விக்கு நான் தலைகுனிந்திருக்க வேண்டியதில்லை.

கடலுக்குச் செல்ல வாய்ப்பில்லாதவர் வருந்தவேண்டா. உங்கள் ஊரிலும் ஒரு தீவு இருக்கும். எனக்கு இம்மலை இருக்கிறது. 1896இல் இங்கு வந்த ரமண மகரிஷி, 1950இல் மறையும் வரை 54 ஆண்டுகள் இவ்விடத்தை விட்டு அகலவில்லை. அவர் தேடியது வேறு ஞானம். ஆயினும் ஓரிடத்தை அறிய அங்கே தங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அவ்வாழ்க்கையும் ஒரு சான்றே. இம்மலையின் புல் எப்போது தீப்பற்றும், எந்தச் சுனை கோடையிலும் வற்றாது, பெருமழையில் எந்த ஓடை எவ்வழி இறங்கும் என்பவற்றை அறிந்த முதியோர் இங்கே இன்னும் இருக்கின்றனர். ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனர்.

2024 டிசம்பர் முதல் நாள், பெஞ்சல் புயலின் மழையில் இம்மலையின் ஒரு பக்கம் சரிந்து, அடிவாரத்து வீடுகளின்மேல் பாறையும் சேறும் வீழ்ந்தன. குழந்தைகள் உட்பட ஏழு உயிர்கள் மறைந்தன. அத்துயருக்கு எளிய காரணம் ஒன்றைச் சொல்லிவிட நான் துணியேன். ஆனால் அதன்பின் நான் ஒரு குறிப்பேடு வாங்கினேன். மாலைதோறும் ஒரு முதியவரைத் தேடிச் சென்று, இம்மலையின் ஓடைகளுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதுகிறேன். நாற்பது பெயர்கள் சேர்ந்ததும், அதில் ஒரு படி இவ்வூர்ப் பள்ளிக்குச் செல்லும். என் கடனை நான் அடைக்கத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் ஏட்டை நீங்களும் திறவுங்கள்.